கொழுப்பிலிருந்து எடுக்கும் ஸ்டெம் செல் குருத்தெலும்பாக மாறுமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 62. இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம். வயிற்றுக் கொழுப்பிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து ஊசியாகப் போட்டால் குருத்தெலும்பு வளரும் என்கிறார் ஒரு மருத்துவர். எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுப்பதுதான் நல்லது என்கிறார் இன்னொருவர். எங்கிருந்து எடுத்தாலும் ஸ்டெம் செல் ஒன்றுதானே?

பதில்: இல்லை. ஸ்டெம் செல் என்பது பிற செல்களை உண்டாக்கும் மூலச் செல். எந்தச் செல்லாகவும் மாறக்கூடியவை கருவின் தொடக்க நாள் செல்கள். வளர்ந்த உடலில் இருப்பவை பெரும்பாலும் தாம் இருக்கும் திசுவுக்குக் கட்டுப்பட்டவை. குடலின் ஸ்டெம் செல் குடலின் உள்தோலைச் சில நாளுக்கொருமுறை புதுப்பிக்கும், அவ்வளவுதான்.

மஜ்ஜையில் இரண்டு வகை உண்டு. ஒன்று ரத்த அணுக்களை உண்டாக்குவது. ரத்தப் புற்றுநோய்க்கு மஜ்ஜை மாற்றுவது இதை நம்பித்தான். உங்களிடம் பேசியவர்கள் சொல்வது இன்னொரு வகையை, எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு போன்ற சில வகைகளாக மாறக்கூடிய மீசன்கைமல் செல்லை. மஜ்ஜையில் இது மிக அரிது. கொழுப்பில் நிறையக் கிடைக்கும், எடுப்பதும் சுலபம். கொழுப்பைப் பரிந்துரைக்க அதுவே முக்கியக் காரணம்.

ஆய்வகத்தில் இந்தச் செல்களை உருண்டையாகத் திரட்டி, டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதம் சேர்த்த திரவத்தில் மூன்று வாரம் போல வைத்தால் குருத்தெலும்புப் பொருளைச் சுரக்கும். திரவத்தை மாற்றினால் அதே செல் எலும்பைப் போலச் சுண்ணாம்பு படிய வைக்கும், அல்லது கொழுப்புத் துளிகளைச் சேர்க்கும். ஆனால் எல்லாம் ஒரே அளவுக்கு மாறுவதில்லை. குருத்தெலும்பாவதில் மஜ்ஜைச் செல் பொதுவாகக் கொழுப்புச் செல்லை முந்தும். மூட்டின் உள்சவ்விலிருந்து எடுப்பவை இரண்டையும்விடத் தேவலை என்று காட்டிய ஆய்வுகள் உண்டு. அதிலும் ஒரு சிக்கல்: மஜ்ஜைச் செல் உண்டாக்கும் குருத்தெலும்பு அப்படியே நிற்காமல் எலும்பாகும் பக்கம் சாயும். மூட்டுக்கு வேண்டியது அதுவல்லவே!

சரி, முழங்காலுக்குள் என்ன நடக்கிறது? அங்கே அந்தத் திரவமும் இல்லை, மூன்று வார அமைதியும் இல்லை. வீக்கமும் உரசலும்தான். ஊசியில் போன செல்களில் பெரும்பாலானவை சில நாள், சில வாரங்களில் மறைந்துவிடுகின்றன. சிலருக்கு வலி குறைகிறது என்றால், அவை சுரக்கும் பொருட்கள் வீக்கத்தைத் தணிப்பதால் இருக்கலாம். தேய்ந்த குருத்தெலும்பு மறுபடி வளர்ந்துவிடும் என்று யாராவது உறுதி கொடுத்தால் நான் நம்ப மாட்டேன்.

அம்மாவுக்கு இப்போதைக்குத் தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சி, எடை கூடுதலாக இருந்தால் குறைப்பது, தேவைப்பட்டால் வலி மருந்து. முழங்கால் மாற்று அறுவை பற்றி எலும்பு மருத்துவரிடமும் கேட்டுவையுங்கள். ஸ்டெம் செல்தான் வேண்டுமென்றால், பதிவு பெற்ற மருத்துவ ஆய்வில் சேர முடியுமா என்று விசாரியுங்கள். கையெழுத்துப் போடும் முன், ஊசிக்குப் பிந்தைய எம்ஆர்ஐ படங்களை, ஒப்பீட்டுக்குச் செல் இல்லாத வெறும் ஊசி போட்டவர்களின் படங்களோடு சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள்.