மின்னோட்டத்துக்குத் திசை இருக்கிறதே, அப்புறம் ஏன் ஸ்கேலர்?

மின்னோட்டத்துக்கு அம்புக்குறி போட்டுவிட்டு அதையே ஸ்கேலர் என்கிறார்களே என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான குழப்பம்தான். அளவு மட்டும் இருந்தால் ஸ்கேலர், அளவும் திசையும் இருந்தால் வெக்டர் என்று நாம் மனப்பாடம் செய்த வரையறை பாதியில் நிற்கிறது. அளவும் திசையும் இருந்தால் மட்டும் வெக்டர் ஆகிவிடாது. முக்கோண விதிப்படி, அதாவது ஒரு அம்பின் முனையில் அடுத்த அம்பைத் தொடங்கி, முதல் தொடக்கத்தையும் கடைசி முனையையும் இணைத்துக் கூட்டவும் முடிய வேண்டும்.

ஒரு பெட்டியை 3 நியூட்டன் விசையால் கிழக்கேயும் 4 நியூட்டனால் வடக்கேயும் ஒரே நேரத்தில் இழுத்தால் கிடைப்பது 7 இல்லை, 5 நியூட்டன். அதுவும் வடகிழக்கு வாக்கில். சரி, இப்போது ஒரு சந்திப்பில் 3 ஆம்பியரும் 4 ஆம்பியரும் வந்து சேரட்டும். கம்பிகளை எந்தக் கோணத்தில் வளைத்தாலும் வெளியே போவது 7 ஆம்பியர்தான். சந்திப்புக்குள் வரும் மொத்த மின்னோட்டமும் வெளியே போவதும் சமம் என்கிற கிர்க்காஃபின் மின்னோட்ட விதி கோணத்தைக் கேட்பதே இல்லை.

அந்த அம்புக்குறி, கம்பியில் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டும் சொல்கிறது. அதற்குக் கூட்டல், கழித்தல் குறியே போதும். ஓரலகு குறுக்குப் பரப்பின் வழியே எவ்வளவு மின்னோட்டம், எந்தத் திசையில் பாய்கிறது என்று சொல்லும் மின்னோட்ட அடர்த்திதான் அசல் வெக்டர்.