எல்லாரும் மின்சார வண்டிக்கு மாறினால் நம் கரண்ட் தாங்குமா?

மாநிலம் தாங்கும். எங்கள் தெரு டிரான்ஸ்பார்மர் தாங்குமா என்றால்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

மன்னார்குடி பக்கம் கிராமம். இரண்டு வருஷமாக மின்சார ஸ்கூட்டர் ஓட்டுகிறேன். டவுனுக்குப் போய்வர 30 கிலோமீட்டர். சுமார் ஒரு யூனிட் ஆகும். தமிழ்நாட்டில் ஒரு கோடிப் பேர் இப்படி ஓட்டினாலும் நாளைக்கு ஒரு கோடி யூனிட்தான். கடும் கோடையில் மாநிலம் ஒரே நாளில் 40 கோடி யூனிட்டுக்கு மேல் இழுக்கிறது. 2024 மே மாதம் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டதே, அதற்கு ஸ்கூட்டரா காரணம்? வெயிலும் ஏசியும்தான்.

ஆனால் மேட்டூரில் 120 அடி நிறைந்து நின்றாலும், வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் கடைமடை வயல் காயத்தானே செய்யும்? கரண்டுக்கும் கடைமடை உண்டு. எங்கள் வீடு லைனில் கடைசிக் கம்பம். சாயங்காலம் ஏழு மணிக்கு ஸ்டெபிலைசர் முள் 160 வோல்ட்டில் நடுங்கும். மின்விசிறி சோம்பலாகச் சுற்றும். அந்த நேரத்தில் சார்ஜரைச் சொருகினால் சிவப்பு விளக்கு இரண்டு தடவை மினுக்கிவிட்டு நின்றுபோகும். ராத்திரி பதினொரு மணிக்கு அதே முள் 220-ல் அசையாமல் நிற்கும். அதே கம்பி, அதே டிரான்ஸ்பார்மர்தான்.

ஸ்கூட்டர் சார்ஜர் ஒரு அயர்ன் பாக்ஸ் அளவுக்குத்தான் இழுக்கும். கார் அப்படியில்லை. வீட்டு 15 ஆம்பியர் பிளக்கில் போட்டாலே 3.3 கிலோவாட், ஏறக்குறைய ஒரு 5 எச்பி மோட்டார். அது மணிக்கணக்கில் ஓடும். ஒரே டிரான்ஸ்பார்மரில் நாலு மோட்டார் கூடினால் என்ன ஆகும் என்று டெல்டாக்காரனுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. வோல்டேஜ் இறங்கி, உள்ளே கம்பிச்சுருள் கருகி, மோட்டாரை வண்டியில் ஏற்றிக்கொண்டு டவுனுக்கு ஓடியவர்கள்தான் எல்லாரும். 63 கேவிஏ டிரான்ஸ்பார்மர், அதாவது சுமார் 60 கிலோவாட் வரை தாங்குவது; அதில் பதினைந்து கார் ஒரே நேரத்தில் சார்ஜ் ஏறினால் 50 கிலோவாட் அதற்கே போய்விடும். வீடுகளுக்கு மிச்சம் என்ன இருக்கும்? நெடுஞ்சாலையில் வைக்கிற 60 கிலோவாட் வேக சார்ஜர் ஒன்று போதும், மொத்தத்தையும் விழுங்கிவிடும். அதற்குத் தனி டிரான்ஸ்பார்மர்தான் போட வேண்டும்.

ஆகவே புது மின்நிலையத்தைவிட, தெருவில் பெரிய டிரான்ஸ்பார்மரும் தடித்த கம்பியும்தான் முதலில் வேண்டும் என்பேன். அப்புறம் நேரம். சூரிய மின்சாரம் இறங்கி, ஊரே டிவி போடுகிற சாயங்காலத்தில் எல்லாரும் வண்டியைச் சொருகினால் எந்த ஊரும் தாங்காது. நள்ளிரவுக்கு மேலோ, பகல் வெயிலிலோ ஏற்றினால் வலி இல்லை. தண்ணீருக்கு முறை வைத்துப் பாய்ச்சிப் பழகியவர்கள்தானே நாம்.

எங்கள் தெருவில் அது தொடங்கியே விட்டது. எதிர்வீட்டுச் சித்தப்பா பத்தரை மணிக்குப் போர்வெல் மோட்டாரை நிறுத்திவிட்டு வாசலில் நின்று குரல் கொடுப்பார்: "தம்பி, போட்டுக்க!" அதற்கப்புறம்தான் நான் பிளக்கைச் சொருகுவேன்.