குதிரைக்குத் தாது உப்பு எதற்கு? புல்லும் தவிடும் போதாதா?

எலும்பும் தசையும் நரம்பும் இயங்கத் தேவையான கால்சியம், பாஸ்பரஸ், சோடியம் போன்றவையே தாது உப்புகள். உடல் இவற்றைத் தானே உருவாக்காது, தீனியில்தான் வரவேண்டும். அளவைப் போலவே விகிதமும் முக்கியம்: பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் ஒன்றரை முதல் இரண்டு பங்கு. கோதுமைத் தவிட்டில் இது தலைகீழ். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரப் பக்கம் மண்டிக் கிடக்கும் கிக்குயூ புல்லிலோ ஆக்சலேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. கால்சியத்தைக் குடலிலேயே கட்டிப்போட்டுவிடும். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் உடல் எலும்பில் கைவைக்கும், கைச்செலவுக்கு வீட்டு நகையை ஒவ்வொன்றாக அடகு வைப்பது மாதிரி. மீட்காமலே போனால் தாடை எலும்பு மெலிந்து, நார்த்திசு நிறைந்து, முகம் இருபுறமும் புடைக்கும். பெருந்தலை நோய் என்பது இதுதான். நம் ஆட்கள் பாசத்தில் வாளி வாளியாகத் தவிடு வைப்பார்களே, அதைக் குறைத்து, கால்சியம் மிகுந்த லூசர்ன், அதாவது குதிரைமசால், சேருங்கள். உப்புக்கட்டியை நக்கினால் எல்லாம் கிடைத்துவிடும் என்பது தவறு; குதிரை தேடி நக்குவது சோடியத்துக்காக, வெள்ளைக் கட்டியில் கால்சியம் இல்லை என்றே சொல்லலாம்.