கூப்பாங் கயிற்றில் வெற்று ஓடுகள்: தின்பது எது?

கேள்வி: ஜொகூர், மாசாயில் செம்பனைத் தோட்ட வேலையிலிருந்து ஓய்வுபெற்று, மைத்துனருடன் நீரிணையில் மிதவை கட்டி, அதில் தொங்கும் கயிறுகளில் கூப்பாங் எனும் பச்சைச் சிப்பி வளர்க்கிறேன் ஐயா. நான்கு மாதமாகியும் வளர்ச்சி போதவில்லை; வெற்று ஓடுகள் கூடிக்கொண்டே வருகின்றன. கோழித் தீவனத்தைக் கரைத்து ஊற்றலாமா? எது தின்கிறது?

பதில்: ஐயா, தீவனம் வேண்டவே வேண்டாம். செம்பனைக்கு உரம் போட்டே பழகிய கைக்குச் சும்மா இருப்பது சிரமம்தான். ஆனால் கூப்பாங்கின் உணவு ஓடும் நீரிலேயே இருக்கிறது. ஓட்டை இலேசாகத் திறந்து, செவுளிலுள்ள நுண்ணிழைகளின் அசைவால் நீரை உள்ளே இழுக்கும் அது, கண்ணுக்குத் தெரியாத பாசிகளையும் மக்கிய துகள்களையும் சளியில் பிடித்து வாய்க்கு அனுப்புகிறது. வளர்ந்த ஒன்று மணிக்குச் சில லிட்டர் நீரை இப்படி வடித்துவிடும். மண்துகள்களை விழுங்காமல் சளியில் உருட்டி வெளியே தள்ளிவிடும். கனமழைக்குப்பின் நீர் கலங்கிக் கிடந்தால் இந்த வேலையிலேயே அதன் சக்தி செலவாகி, வளர்ச்சி தளரும். கோழித் தீவனமோ அடியில் படிந்து அழுகி, நீரிலுள்ள உயிர்வளியைக் குறைக்கும். கயிற்றில் நெரிசல் இருந்தால் வெளிப்புறத்தில் உள்ளவை முதலில் வடித்துக்கொள்ள, உள்ளே இருப்பவை பட்டினி கிடக்கும். அவற்றைக் கலைத்து வேறு கயிறுகளில் கட்டுங்கள்.

தின்பது எது என்பதை ஓடே காட்டிக்கொடுக்கும். பத்து வெற்று ஓடுகளைக் கழுவி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துளைப்பான் வைத்துப் போட்டதுபோல் வட்டமான சிறு துளை இருந்தால், அது ஊனுண்ணி நத்தையின் வேலை: ஓட்டை அமிலச் சுரப்பால் இளக்கி, பல் பதித்த நாக்கால் அராவி, துளை வழியே சதையை உறிஞ்சிவிடும். கயிற்றில் கொத்தாக ஒட்டியிருக்கும் அதன் முட்டைப் பைகளையும் சுரண்டி எடுத்துக் கரைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ஓட்டின் விளிம்பு உடைந்திருந்தால் நண்டு. கயிற்றில் நொறுங்கிய சில்லுகளே மிஞ்சினால் பேத்தை போன்ற மீன். மெல்லிய ஓடுள்ள குஞ்சுகளே அதற்கு எளிய இரை என்பதால் அவற்றுக்கு மட்டும் வலையுறை போடலாம், ஆனால் பாசி அடைத்த வலை இரை கொண்டுவரும் நீரோட்டத்தையே தடுத்துவிடும் என்பதால் அடிக்கடி தேய்த்துக் கழுவ வேண்டும். ஓடு சேதமின்றி வாய்பிளந்து கிடந்தால் இரண்டு காரணம் உண்டு: நட்சத்திர மீன் தன் குழல்கால்களால் இழுத்துப் பிளந்து, வயிற்றையே உள்ளே செலுத்திச் செரித்திருக்கலாம், அல்லது மழைநீர் கலந்து உப்பு குறைந்ததால் கூப்பாங் தானாகவே இறந்திருக்கலாம்.

நத்தையும் நட்சத்திர மீனும் பெரும்பாலும் கடலடியிலிருந்து ஏறி வருபவை. மிதவை வற்றத்தோடு சேர்ந்து தாழும்போது கயிற்றின் நுனி சேற்றில் பட்டால், அதுவே அவற்றுக்கு ஏணி. நிறைநீரில் ஆழத்தை அளந்து கயிறு வெட்டி நானும் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். அமாவாசையையோ பௌர்ணமியையோ ஒட்டி நீர் நன்றாக வற்றும் வேளையில், கல் கட்டிய நூலை இறக்கி ஆழம் பார்த்து, அதைவிட ஒரு மீட்டர் குறைவாகவே கயிற்றை வெட்டுங்கள்.