அரைநாளும் அரைப்பேரும்

வணக்கம் சேர்,

மஸ்கெலியாப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். பின்னேரங்களில் பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டமும் பழக்குகிறேன். நீங்கள் எழுதியதைப் பார்த்துவிட்டு உருகுவே எழுத்தாளர் எடுவர்டோ கலியானோவின் உதைபந்தாட்டப் புத்தகத்தை ஆங்கிலத்தில் வாங்கிப் படித்தேன். ரசித்தேன், பொய் சொல்லவில்லை. ஆனால் உருகுவே வருகிறது, பிரேசில் வருகிறது, தேயிலைக்குள் பந்தடித்து வளர்ந்த நமக்கு அதில் என்ன இருக்கிறது? எங்கள் மூத்த ஆசிரியர் ஒருவர், "பந்தை உதைச்சா போதாதா, அதைப் படிக்க வேற வேணுமா?" என்று சிரித்தார். எனக்குப் பதில் வரவில்லை. அடுத்து எதைப் படிக்கலாம் என்றும் சொல்லுங்கள்.

மஸ்கெலியாவிலிருந்து ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

இங்கிலாந்தில் மெச் என்றால் ஏன் சனிக்கிழமை பின்னேரம் என்று அந்த மூத்த ஆசிரியரிடம் கேட்டிருக்கலாம். 1850இல் வந்த தொழிற்சாலைச் சட்டம், நெசவாலைகளில் பெண்களையும் இளவயதினரையும் சனிக்கிழமை இரண்டு மணிக்குமேல் வேலை வாங்கக்கூடாது என்றது. அவர்கள் இல்லாமல் இயந்திரம் ஓடாது. ஆண்களும் வெளியே வந்தார்கள். அந்தப் பின்னேரத்தில்தான் இந்த ஆட்டம் வளர்ந்தது. 1863இல் இலண்டனில் எஃப்.ஏ. என்ற உதைபந்தாட்டச் சங்கமாகக் கூடி விதிகளை எழுத இறங்கியவர்கள் வசதியான வீட்டுப் பிள்ளைகள். இருபது வருடம் கழித்து, 1883 எஃப்.ஏ. கிண்ண இறுதிப்போட்டியில், ஈட்டன் என்ற பணக்காரப் பள்ளியின் பழைய மாணவர்களை 2க்கு 1 என்று தோற்கடித்த பிளாக்பர்ன் ஒலிம்பிக் டீமில் நெசவாளிகள் இருந்தார்கள், நூல் நூற்பவர் இருந்தார், இரும்பு வார்ப்பவர் இருந்தார். ஆடுகிறவனுக்குச் சம்பளம் கொடுக்கலாம் என்று 1885இல் ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது.

இதை வாசித்தபோது எனக்கு நம் தோட்டத்துக் கணக்குத்தான் ஞாபகம் வந்தது. அங்கே அரைநாள் என்றால் ஓய்வு. இங்கே கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். அதாவது, முழுநாள் மலையில் நின்றும் பாதிச் சம்பளம். அப்படிப்பட்ட இடத்தில் ஆட்டம் எப்போது நடக்கும்? ஞாயிற்றுக்கிழமை. அதுவும் விறகு வெட்டி, கடைக்குப் போய் வந்த பிறகு.

அப்புறம் இடம். நான் வளர்ந்த தோட்டத்தில் சமதரை மூன்றே மூன்றுதான்: துரை பங்களாவின் புல்வெளி, ஸ்டோர் என்கிற தேயிலை ஆலையின் முற்றம், காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்களம். முதல் இரண்டிலும் கால் வைக்க முடியாது. பெரட்டுக்களத்தின் ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் சரிவு. பந்து கீழே போனால் அடித்தவனே போய் எடுத்துவர வேண்டும் என்பது எங்கள் முதல் விதி, ஓஃப்சைட் எல்லாம் பிறகுதான். கவ்வாத்து வெட்டிய மலையென்றால் இன்னும் மோசம். கூரான கட்டைகள் முழங்காலையும் கிழிக்கும், பந்தையும் கிழிக்கும். தையலைச் சாக்கு ஊசியால் தைத்து, பிளெடருக்கு லொறி டியூப் துண்டை ஒட்டுவோம். ஒரு பக்கம் கனத்துப்போன பந்து நேரே போகாது. உயரத் தூக்கி அடிக்க எங்களில் யாரும் பழகவில்லை, எல்லாம் தரையோடு தரையாகக் குட்டிப் பாஸ். டவுனில் போய் ஆடினால் "குனிஞ்சு விளையாடுற டீம்" என்று கேலி செய்வார்கள். சரிவுக்குப் பயந்த ஆட்டம் அது.

ஆகவே அடுத்து வாசிக்க மாரியோ ஃபில்யோவைச் சொல்கிறேன். பிரேசில் பத்திரிகையாளர். பிரேசில் உதைபந்தாட்டத்தில் கறுப்பர்களின் கதையை 1947இல் புத்தகமாக்கினார், ஆங்கிலத்திலும் வந்திருக்கிறது. ரியோ நகரின் மரக்கானா மைதானத்துக்கு அதிகாரபூர்வமாக அவர் பெயர்தான். ரியோவில் பாங்கு என்றொரு நெசவாலை. அங்கிருந்த வெள்ளைக்காரர்கள் 1904இல் கிளப் தொடங்கினார்கள். டீம் சேர்க்க வெள்ளைக்காரர் போதவில்லை, தொழிலாளரைச் சேர்த்தார்கள். நன்றாக ஆடுகிறவனுக்கு ஆலையில் இலேசான வேலை. நம் பக்கம் நல்ல ஆட்டக்காரன் மலையிலிருந்து ஸ்டோர் வேலைக்கு மாறியதை நான் கண்டிருக்கிறேன், அதனால் அந்தப் பக்கங்களில் எனக்கு ஒன்றும் புதிதாக இல்லை.

வாஸ்கோ ட காமா கிளப்பின் கதை இன்னும் கிட்ட வரும். கறுப்பர்களையும் தொழிலாளிகளையும் வைத்து, முதல் பிரிவுக்கு வந்த வருடமே, 1923இல், சம்பியனானது. மறுவருடம் பெரிய கிளப்புகள் தனி லீக் தொடங்கி, அதில் சேர வேண்டுமானால் பன்னிரண்டு ஆட்டக்காரர்களை விலக்கு என்று வாஸ்கோவிடம் சொன்னன. ஆடுகிறவனுக்கு எழுதப் படிக்கத் தெரிய வேண்டும், கிளப்புக்குத் தகுந்த மைதானம் வேண்டும் என்றும் பேச்சு. கைநாட்டுக்காரனை வெளியே நிறுத்தும் வழி நமக்குத் தெரியாததா? வாஸ்கோ கடிதம் எழுதி மறுத்தது. ஆதரவாளர்கள் காசு சேர்த்து 1927இல் சொந்த மைதானமே கட்டிவிட்டார்கள். ஃபில்யோ வாய்க்கதைகளை மிஞ்சி நம்பினார் என்று பின்வந்த ஆய்வாளர்களுக்குக் குறை உண்டு. இருக்கலாம். வாய்க்கதையைத் தவிர வேறு ஒன்றும் மிஞ்சாதவர்களைப் பற்றி வேறு எப்படி எழுதுவதாம்?

டேவிட் கோல்ட்பிளாட்டின் பெரிய உலக வரலாறு 2006இல் வந்தது. தலையணை மாதிரி இருக்கும், கடைசியில் எடுங்கள். என்னிடம் ஒன்று இருந்தது, இரவல் கொடுத்தேன், போனது போனதுதான்.

உங்கள் பாடசாலையில் பெண்பிள்ளைகள் டீம் உண்டா? 1920இல் பிரெஸ்டன் தொழிற்சாலைப் பெண்களின் டீம் ஆடியதைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். அடுத்த வருடமே அந்த எஃப்.ஏ. சங்கம் தன் மைதானங்களைப் பெண்களுக்கு மூடியது. திறக்க ஐம்பது வருடம் பிடித்தது.

சரி, நம் கதை ஏன் புத்தகமாகவில்லை? காரணங்களில் ஒன்று 1964. இலங்கை, இந்தியப் பிரதமர்கள் போட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் நம் ஆட்களில் 525,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. எங்கள் தோட்டத்து டீமில் பாதி, ஆளுக்கொரு மாதமாக, ஹட்டனில் கோச்சி ஏறி தலைமன்னார் போய்விட்டது. கோலுக்கு நின்ற அண்ணன் இப்போது கூடலூரில். போன தைப்பொங்கலுக்குப் போனில் பேசினார். பெரட்டுக்களத்தில் இப்போதும் பந்து கீழே போகிறதா என்றுதான் முதலில் கேட்டார். பிறகு, அந்தக் காலத்து டீமின் பதினொரு பேரையும், நின்ற இடத்தோடு வரிசையாகச் சொன்னார். எனக்கு எட்டுப் பேர்தான் ஞாபகம் இருந்தது. பேனா தேடி எடுப்பதற்குள் ஒன்றைத் தவறவிட்டேன். திரும்பச் சொல்லச் சொன்னேன்.