அணுக்கரு இணைவில், அதாவது லேசான அணுக்கருக்களை ஒன்றுசேர்ப்பதில், கொடுத்ததைவிட அதிக ஆற்றல் கிடைத்துவிட்டதே, பிறகு ஏன் இன்னும் மின்நிலையம் வரவில்லை?

"கொடுத்தது" என்று எதைக் கணக்கில் எடுத்தார்கள் என்று முதலில் பாருங்கள். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் எரிபொருள் வைத்த இலக்கை வந்தடைந்த லேசர் ஒளி 2.05 மெகாஜூல், வெளிவந்தது 3.15 மெகாஜூல். அந்த லேசரை இயக்க மின்கம்பியிலிருந்து எடுத்ததோ சுமார் 300 மெகாஜூல். அறிவியலுக்கு இது மகத்தான வெற்றி. மின்நிலையக் கணக்கு வேறு.

காந்தப்புலத்தால் பிளாஸ்மாவை (மிகச் சூடான, மின்னேற்றம் பெற்ற வாயுவை) பிடித்துவைக்கும் டோக்கமாக் வழியில், இங்கிலாந்தின் ஜெட் உலை 2023-இல் வெறும் 0.2 மில்லிகிராம் எரிபொருளில் 69 மெகாஜூல் தந்தது. பிரான்சில் எழும் ஈட்டர் உலையின் இலக்கு, 50 மெகாவாட் சூடேற்றி 500 மெகாவாட் வெப்பம் பெறுவது. 2024-இல் திருத்திய அட்டவணைப்படி டிரிட்டியம் (கதிரியக்கமுள்ள கனமான ஹைட்ரஜன்) எரிப்பு 2039-இல்தான் தொடங்கும்.

பிளாஸ்மாவைப் பற்றி நிறையப் பேசுகிறோம். பெரிய முடிச்சு எரிபொருளில் இருக்கிறது என்பதே என் கருத்து. 1,000 மெகாவாட் இணைவு ஆற்றலை ஓராண்டு தொடர்ந்து எடுக்க ஏறக்குறைய 55 கிலோ டிரிட்டியம் வேண்டும். இயற்கையில் அது அநேகமாக இல்லை. கனநீர் உலைகளில் துணைப்பொருளாகக் கொஞ்சம் கிடைக்கிறது. சேமித்து வைத்தாலும் 12.3 ஆண்டுகளில் பாதி அழிந்துவிடும். ஆகவே உலையே தனக்கு வேண்டியதை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு இணைவிலும் ஒரு டிரிட்டியம் கரைந்து ஒரு நியூட்ரான் வெளியே வரும். அது சுவருக்குப் பின்னால் உள்ள லித்தியம்-6 அணுவில் மோதினால் ஒரு டிரிட்டியம் பிறக்கும். ஒன்றுக்கு ஒன்று, சரியாகப்போனது என்று தோன்றும். ஆனால் எஃகுச் சட்டங்கள் சில நியூட்ரான்களை விழுங்கும். சூடேற்றும் கருவிகளுக்காக விட்ட திறப்புகள் வழியே சில நழுவும். அதை ஈடுகட்ட, ஒரு நியூட்ரானை இரண்டாக்கும் பெரிலியமோ ஈயமோ சேர்க்கிறார்கள். இயற்கை லித்தியத்தில் லித்தியம்-6 சுமார் 7.5 விழுக்காடுதான், அதையும் செறிவூட்ட வேண்டும். இந்தச் சுழற்சி முழுவதையும் ஒரு மின்நிலைய அளவில் இதுவரை யாரும் ஓட்டிக் காட்டவில்லை.

அதே நியூட்ரான்தான் சுவரையும் கெடுக்கிறது. மின்னேற்றம் இல்லாததால் காந்தம் அதைத் தடுக்காது. 14.1 மெகா எலக்ட்ரான்வோல்ட் (நுண்துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றலோடு எஃகுக்குள் புகுந்து அணுக்களை இடம்பெயர்க்கும். சில அணுக்கருக்களை உடைத்து ஹீலியத்தை விடுவிக்கும். அந்த ஹீலியம் குமிழ்களாகத் திரள, உலோகம் உப்பி நொறுங்கத் தொடங்கும். அணுவைப் பிளக்கும் இன்றைய அணுமின் உலைகளில் நியூட்ரான்களின் சராசரி ஆற்றல் சுமார் 2 மெகா எலக்ட்ரான்வோல்ட் என்பதால், அங்கே சோதித்த எஃகை அப்படியே நம்பிவிட முடியாது. இதற்காகவே ஸ்பெயினின் கிரனாடா அருகே, பாயும் திரவ லித்தியத்தின்மீது டியூட்ரான் (கன ஹைட்ரஜனின் அணுக்கரு) கற்றையைச் செலுத்தி அத்தகைய நியூட்ரான்களை உண்டாக்கும் சோதனைக்கூடம் ஒன்றைக் கட்டுகிறார்கள்.