ஐந்து ரூபாய் காசும் இரண்டு ரூபாய் காசும் சேர்த்தால் எவ்வளவு என்று கேட்டால், ஆறு வயது மகள் "ரெண்டு" என்கிறாள் என்றால்

ஐந்து ரூபாய், இரண்டு ரூபாய் காசுகளை இப்போதைக்கு எடுத்து வைத்துவிட்டு, ஒரு ரூபாய் காசுகளை மட்டும் கொடுங்கள். நூறு வரை சொல்லத் தெரிந்தும் 5 + 2-ஐ "ரெண்டு" என்கிறாள் என்றால், எண்ணுவதில் கோளாறு இல்லை. காசின் மதிப்பை விட்டுவிட்டு உருப்படியை எண்ணுகிறாள். ஆறு வயதில் இது சகஜம்தான்.

அளவும் குழப்பும். 2011இல் வெளிவந்த காசு வரிசையில் இரண்டு ரூபாய் 25 மி.மீ., ஐந்து ரூபாய் 23 மி.மீ. பெரியதுதான் அதிகம் என்று குழந்தை நினைக்காமல் என்ன செய்யும்? 2019 வரிசையில் இது அப்படியே தலைகீழ். இரண்டு வரிசையும் கலந்துதான் புழக்கத்தில் இருக்கின்றன. அதனால் "பெருசு, சின்னது" என்று சொல்லித் தராமல் காசில் இருக்கும் எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள்.

ஒரு சோதனை: ஒரு பக்கம் நாலு ஒரு ரூபாய், மறுபக்கம் ஒற்றை ஐந்து. "எதுல நிறைய வாங்கலாம்?" என்று கேளுங்கள். நாலைக் காட்டினால், ஐந்து ஒரு ரூபாயை வரிசையாக அடுக்கி, அவள் கையாலேயே கொடுத்து ஒரு ஐந்து ரூபாயை வாங்க வையுங்கள். பிறகு அதையே திருப்பி மாற்றட்டும். இந்த மாற்று விளையாட்டு பிடிபட்டதும், பெரிய காசிலிருந்து எண்ணப் பழக்குங்கள்: "அஞ்சு... ஆறு, ஏழு."

அப்புறம் தட்டுவடை செட் மாதிரி தின்பண்டம் விற்கும் கடைக்குக் கூட்டிப் போய் அவளையே கொடுக்கச் சொல்லுங்கள். சாயங்காலக் கூட்டத்தில் வேண்டாம், கடைக்காரர் அவசரப்படுத்துவார். பத்து ரூபாய் காசைச் சிலர் வாங்க மறுப்பார்கள். எல்லா வடிவமும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018இலேயே சொல்லிவிட்டது. ஆனாலும் குழந்தையை வைத்துக்கொண்டு அந்தச் சண்டை எதற்கு, ஐந்துகளாகவே கொடுத்தனுப்புங்கள்.

வீட்டில் தம்பி, தங்கை இருந்தால் விளையாடி முடித்ததும் காசை எண்ணி டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள். வாயில் போட்டுக்கொள்வார்கள்.